தலையில் திப்பு, வாலில் கொள்ளு மூட்டை

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், ஆண்டு விழாவை ஒட்டிப் பழம்பொருள் கண்காட்சி வைத்தது. ஊர் முழுக்கத் தமிழ் பேசும் பகுதி. கேரளத்தில் இருந்தாலும் சந்தைக்குப் பொள்ளாச்சிதான். உரல், மரக்கால், வெற்றிலைப் பெட்டி என்று வந்து குவிந்ததில் ஒரு குதிரைப்படை ஓவியமும் இருந்தது. கமிட்டிக்காரர்கள் அதற்குக் குறிப்பு அட்டையும் எழுதிவிட்டார்கள்: ‘பாலக்காட்டிலிருந்து சித்தூருக்கு விரையும் திப்பு சுல்தானின் குதிரைப்படை, 1782.’ அச்சுக்குக் கொடுக்கும் முன் செயலாளருக்கு ஒரு நெருடல். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரா, ஆந்திரத்துச் சித்தூரா, இரண்டில் எது என்று போடவில்லையே? பழைய படங்களைத் துடைத்துச் சட்டம் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் படம் என் மேசைக்கு வந்தது.

அந்தக் குறிப்பைப் பார்த்ததும் தள்ளிவிட முடியாது. அதில் உள்ள சம்பவம் நடந்ததுதான். திப்புவின் தந்தை ஹைதர் அலி 1782 டிசம்பர் 7 அன்று இறந்தது ஆந்திரத்துச் சித்தூருக்கு அருகே, நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில். திப்பு அப்போது மேற்குக் கரையில், பொன்னானிப் பக்கம் கம்பெனிப் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகன் வந்து சேரும்வரை படை கலைந்துவிடக் கூடாது என்று ஹைதரின் அமைச்சர்கள் பூர்ணய்யாவும் கிருஷ்ண ராவும் மரணத்தையே மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போகிறது என்று சொல்லிக் கோலாருக்கு அனுப்பினார்கள். செய்தி கிடைத்துத் திப்பு மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, 1782 முடிந்து 1783 பிறக்கும் சமயத்தில் பாசறைக்கு வந்தார். ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பாலக்காட்டில் ஹைதர் 1766-ல் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. ஆகவே பாலக்காட்டுக்காரர் ஒருவர் இந்தப் படத்தில் அந்தப் பயணத்தைப் பார்த்தால் அது கற்பனைக்கோட்டை கிடையாது. ஊர் அறிந்த வரலாறுதான். கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் படம் அதைத்தான் காட்டுகிறதா?

படத்தைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் நீர்வண்ணம்; அகலம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. வலப்புறத்திலிருந்து வளைந்து வரும் மண்சாலை. அதில் இரண்டிரண்டு பேராகக் குதிரைவீரர்கள் இடப்புறம் நோக்கி வருகிறார்கள். சாம்பல் கலந்த நீலச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி, தலைப்பாகை, கையில் ஈட்டி, ஈட்டி நுனியில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு கொடி. எல்லோருக்கும் முன்னால் ஒருவர் தனியாக, வெள்ளைக் குதிரையில். பச்சை அங்கியில் மஞ்சள் வரி, ஓங்கிய வாள், முறுக்கிய மீசை. குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கிறது. படத்தைப் பார்க்கும் யாருக்கும் கண் நேராக அங்கேதான் போகும். கமிட்டிக்கும் அங்கேதான் போயிருக்கிறது.

அணிவகுத்துப் போகும் படையின் படத்தை நான் வால் பக்கத்திலிருந்து பார்ப்பேன். தலைவனை ஓவியர்கள் காலங்காலமாக ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். யாரை வேண்டுமானாலும் அந்த இடத்தில் உட்கார்த்தலாம். வாலில் வரும் ஆட்களிடம் ஓவியனுக்கு அப்படி ஒரு மரியாதை இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்துவிட்டுப் போவான். எந்தப் படை, எந்தக் காலம் என்பதெல்லாம் அங்கேதான் மாட்டும்.

இந்தப் படத்தின் வாலில் தூசிக்கு நடுவே மூன்று மட்டக்குதிரைகள். கடைசிக் குதிரையின் இரு பக்கமும் ஒரே அளவில் இரண்டு சாக்கு மூட்டைகள். வாய் கட்டிய கயிற்றின் முடிச்சுகூடத் தெரிகிறது. மூட்டைகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த செப்புப் பானை. புல்கட்டு ஒன்று, அதைக் கட்டிய கயிற்றில் செருகிய அரிவாள். பக்கத்தில் நடக்கிற ஆள் சட்டை போடவில்லை. தலைத்துணியை மூக்கு மறைய இழுத்துக் கட்டியிருக்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு குதிரையின் கழுத்தில் தொங்குவது கொள்ளுப்பை. ஓவியன் அந்தப் பையின் அடியில் ஈரத்துக்கு ஒரு கருப்புத் தீற்றல் வைத்திருக்கிறான். அவித்த கொள்ளை வடித்துப் பையில் போட்டால் அடி ஈரமாகத்தான் இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவனால்தான் வரைய முடியும்.

அரிவாளோடு நடக்கும் ஆள் புல்வெட்டி. ஆங்கிலேயர் காலத்து இந்தியக் குதிரைப்படைகளின் கூடவே வந்தவர் அவர். வீரனே குதிரைக்குப் பொறுப்பேற்கும் சில்லதார் முறைப் படைகளில், இரண்டு வீரருக்கு ஒரு மட்டக்குதிரையும் ஒரு புல்வெட்டியும் என்பது வழக்கமான கணக்கு. அன்றாடம் தங்கும் இடத்தில் போய்ப் புல்லறுத்துக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். கொள்ளு மட்டும் தின்றால் குதிரைக்கு வயிறு நோகும்.

1782-ல் மைசூர்ப் படையின் வால் எப்படி இருந்திருக்கும்? மாடுகள்தான் நிறைந்திருக்கும். பீரங்கி இழுக்கவும் சாமான் சுமக்கவும் ஹைதரும் திப்புவும் நம்பியிருந்தது, அம்ரித் மகால் என்று பேர் வாங்கிய அந்தக் காளை இனத்தை. தானியத்துக்கு லம்பாடிகளின் பொதிமாடுகள். இந்தப் படத்தில் மருந்துக்கும் ஒரு மாடு கிடையாது. திப்பு அந்த முறை சுமை எல்லாவற்றையும் பின்னால் விட்டுவிட்டு விரைந்தார் என்று ஒருவர் வாதாடலாம். சரி, அப்படியானால் செப்புப் பானையும் புல்கட்டும் எதற்கு? அவசரத்தில் போகிறவன் அரிவாள் தூக்கிக்கொண்டு போகமாட்டான்.

அடுத்து வேகம். குறிப்பு அட்டையில் ‘விரையும்’ என்று இருக்கிறது. படத்தில் அணியில் வரும் யாரும் விரையவில்லை.

நடுவில் நான்கு வீரர்கள் கீழே இறங்கிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். குதிரைப்படையின் நெடும்பயணத்தில் இது அன்றாட ஒழுங்கு. கொஞ்ச நேரம் சாதா நடை, கொஞ்ச நேரம் ட்ராட் என்கிற துள்ளுநடை, அப்புறம் இறங்கிச் சேணவாரைத் தளர்த்திவிட்டுக் கூட நடப்பது. ஆளின் எடை நாள் முழுக்க அழுத்தினால் முதுகு புண்ணாகிவிடும். முதுகு புண்ணான குதிரை படைக்கு ஆகாது. சாதா நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர், துள்ளுநடையில் அதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டையும் கலந்து நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் போனால் நல்ல பயணம். சினிமாவில் காட்டுகிற பாய்ச்சல் எல்லாம் கடைசிச் சில நூறு கெஜத்துக்குத்தான்.

சவாரி செய்கிறவர்களின் குதிரைகளைப் பாருங்கள். இடது முன்கால் எழும்போது வலது பின்கால் எழுகிறது. குறுக்குக் கால்கள் ஜோடியாக எழுவது துள்ளுநடையின் இலக்கணம். ஓவியன் ஒரு குதிரையில்கூடத் தடுமாறவில்லை. இதை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. நடையையும் துள்ளுநடையையும் கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே பிடிபடும். பிடிபடாதது பாய்ச்சல். ஐரோப்பிய ஓவியர்கள் வெகுகாலம் பாயும் குதிரையின் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, வயிறு தரையை உரசுகிற மாதிரி வரைந்தார்கள். 1821-ல் ஜெரிக்கோ வரைந்த எப்ஸம் பந்தயக் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படமெடுத்த பிறகுதான் விஷயம் வெளிச்சமானது. நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் ஒடுங்கியிருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் மெய்சோனியே, குதிரைக்கு இணையாகத் தண்டவாளம் போட்டு, வண்டியில் தானும் கூடவே போய்க் கால்களைப் பார்த்து வரைந்தவர். அவரே இந்தப் புகைப்படங்களைக் கண்டு அசந்துபோனார்.

நம் படத்தில் தூரத்து மேட்டில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குதிரை பாய்ந்து போகிறது. செய்தி கொண்டுபோகிறவனாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கின்றன. யாரும் கவனிக்காத மூலையில், யாரையும் கவர்வதற்காக இல்லாமல் இப்படி வரைந்த கை, 1878-க்குப் பிந்திய கையாகத்தான் இருக்க வேண்டும். படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

உடையும் அதையே சொல்கிறது. சீரான நிறச் சட்டை, ஒரே அளவு ஈட்டி, ஒரே மாதிரிக் கொடித்துணி, முழங்காலுக்குக் கீழே சுற்றிய பட்டித்துணி. இந்தப் பட்டித்துணி 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் இந்தியப் படைகளில் பரவலானது. சென்னை மாகாணக் குதிரைப்படைகள் ‘லான்சர்’, அதாவது ஈட்டிப்படை, என்று பெயர் மாறியது 1886-லும் 1891-லும். மைசூர் சமஸ்தானம் பிரிட்டிஷ் பேரரசுச் சேவைக்கென்று தன் லான்சர் படையைத் திரட்டியது 1892-ல்.

இவ்வளவுக்குப் பிறகும் முன்னால் நிற்கிற ஆள் திப்புவாகவே இருக்கிறார். புலிவரி போட்ட அங்கி, மீசை, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அவருடைய குதிரை மற்ற குதிரைகளோடு ஒட்டவில்லை. பின்னால் வருகிறவர்களின் கொடித்துணிகள் ஈட்டியோடு தொங்கிக் கிடக்கின்றன. காற்றும் இல்லை, வேகமும் இல்லை. இவருடைய இடுப்புத் துணி மட்டும் புயலில் சிக்கியதுபோலப் பின்னால் படபடக்கிறது. குதிரை இரண்டு பின்னங்கால்களையும் ஒருசேர ஊன்றி எழும்பி நிற்கிறது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும் தூண்களில் நிற்கும் குதிரைகள் இப்படித்தான் நிற்கும். அழகான நிலை. ஆனால் முன்னங்கால் தூக்கிய குதிரை எங்கும் போவதில்லை. பின்னால் ஒரு படையே நடந்து வரும்போது இது சாலையை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் படத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் காகிதத்தின் சொரசொரப்பு தெரிகிறது. முன்னால் உள்ள ஆளிடம் மட்டும் வண்ணம் தடிப்பாக, சுண்ணாம்பு பூசியதுபோல மேடு கட்டி நிற்கிறது. வெள்ளைக் குதிரையின் வயிற்றுக்குக் கீழே, சாலையின் மண்நிறத்துக்கு அடியில், நடந்துபோகும் நான்கு கால்கள் மங்கலாகத் தெரிகின்றன. பச்சை அங்கி தோள்பட்டையில் ஓர் இடத்தில் உதிர்ந்திருக்கிறது. அடியில் எட்டிப்பார்ப்பது அதே சாம்பல் நீலம். முதலில் இருந்தவர் தன் ஆட்களைப் போலவே உடுத்தி, பழுப்போ செம்பழுப்போ ஒரு குதிரையில், நடையாகப் போய்க்கொண்டிருந்த ஓர் அதிகாரி. அவர் மேல் பிறகு யாரோ திப்புவை ஏற்றியிருக்கிறார்.

படத்துக்குச் சொந்தக்காரரான பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், பேச்சில் கொங்கு வாடை மாறாதவர்.

“ஏனுங்க பெரியம்மா, இந்த முன்னால நிக்கிற ஆளு மேல மட்டும் யாரோ பெயிண்டு அடிச்ச மாதிரி இருக்குதுங்களே?”

“அது எங்க மாமனாரு வேலையாத்தான் இருக்கோணும் தம்பி. அவரு நாடகத்துக்குச் சீன் படுதா எழுதறவரு. சும்மா கெடக்கற எதையும் விடமாட்டாரு. சாமி படத்துக்கே மீசை வெச்சவராச்சே.”

அவ்வளவுதான் முடிச்சு. அவர் மாமனாரின் அப்பா கொள்ளு வியாபாரி. பெங்களூர்ப் பக்கம் குதிரை லாயங்களுக்கு மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தவர் என்று வீட்டில் பேச்சு. படம் அந்த வழியில் வந்திருக்கலாம். ‘மைசூர்ப் படை’ என்ற பேச்சும் படத்தோடு கூடவே வீட்டுக்குள் வந்திருக்கிறது. பாலக்காட்டில் மைசூர்ப் படை என்றால் ஹைதரும் திப்புவும்தான் நினைவுக்கு வருவார்கள்; வேறு யார் வருவார்? பேச்சுக்குத் தக்கபடி மாமனார் படத்தைத் திருத்திவிட்டார். இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில், கம்பெனிப் படையை மைசூர் வென்ற 1780 பொள்ளிலூர்ப் போரைக் காட்டும் புகழ்பெற்ற சுவரோவியமே திப்பு காலத்துத் தூரிகை அப்படியே நிற்பதன்று. வெள்ளையடித்து மறைந்து, பின்னால் ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி காலத்தில் ஒருமுறையும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் ஒருமுறையும் மீட்டுத் தீட்டப்பட்டது. வென்றவனும் தோற்றவனும் அவரவர் பங்குக்குக் கை வைத்த சுவர் அது. அந்தச் சுவரில் மைசூர்க் குதிரைவீரர்கள் பக்கவாட்டில், அடுக்கடுக்காக, ஒரே அளவில் நிற்பார்கள். பக்கம், தூரம் என்ற வித்தியாசமே இராது. நம் படத்தில் சாலை தூரத்தில் குறுகுகிறது, மலை வெளிறுகிறது. ஓவியப் பள்ளியில் ஆங்கிலேய முறையில் கற்றவரோ, அப்படிக் கற்றவரிடம் கற்றவரோதான் இதை வரைந்திருப்பார்; சென்னையில் அப்படி ஒரு கலைப்பள்ளி 1850-லேயே வந்துவிட்டது.

இனி சித்தூர். படத்தின் பின்புற அட்டையில் பென்சிலால், ஆங்கிலக் கூட்டெழுத்தில் ‘சித்தூர்’ என்று மட்டும் இருக்கிறது. நம் சித்தூர் அங்கிருந்து கூப்பிடு தூரம், ஆகவே எல்லோரும் அதையே நினைத்தார்கள். திப்பு கதை தெரிந்த ஒருவர் மட்டும் ஆந்திரத்துச் சித்தூர் என்று சொல்ல, கமிட்டி இரண்டையும் சமாதானப்படுத்தி ஊர்ப்பேரை மொட்டையாக விட்டுவிட்டது. நிலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் பனை இல்லாமல் ஒரு காட்சியை வரைவது கஷ்டம். வடக்கிலும் தெற்கிலும் மலை சுவர்போல நிற்கும். நடுவில் தட்டையான வயல். படத்தில் பனையே இல்லை. உருண்டைப் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிற மொட்டைக் குன்றுகள், அடிவாரத்தில் ஈச்சம்புதர், சாலையோரம் புளியமரம், சாலை இறக்கத்தில் வளைகிறது. கோலார், முல்பாகல் தாண்டிப் பலமனேரிலிருந்து மொகிலிக் கணவாய் வழியாகச் சித்தூருக்கு இறங்குகிறவர்களுக்கு இந்த நிலம் பழக்கம். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் பழைய பாதைகளில் ஒன்று அது. அந்தப் பக்கத்திலும் நம்மைப் போலவே எல்லைத் தமிழர்கள் உண்டு. குப்பத்திலும் சித்தூரிலும் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு.

எந்தப் படை என்பதற்குத்தான் கடைசி வரை இழுபறி. சென்னை மாகாண லான்சரா, மைசூர் சமஸ்தான லான்சரா? சாம்பல் நீலம் சென்னைக் குதிரைப்படையின் பழைய நிறம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அவர்கள் அந்தச் சாயலில் உடுத்தினார்கள். இது சென்னைக்கு ஒரு புள்ளி. ஆனால் வரிசையில் இரண்டாவது குதிரையின் சேணத்துணி மூலையில் மஞ்சளில் ஒரு சின்ன முத்திரை. லென்ஸில் பார்த்தால் விரித்த இறகு, மேலே இரண்டு பக்கமும் திரும்பிய இரண்டு அலகு. கண்டபேருண்டம் என்கிற இருதலைப் பறவை, உடையார் வம்சத்து மைசூரின் சின்னம். திப்புவின் அடையாளம் புலி. அவர் படையில் இந்தப் பறவைக்கு இடமில்லை. அரிசி அளவு முத்திரையை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது என்றாலும், வீட்டில் வழிவழியாக வந்த ‘மைசூர்ப் படை’ என்ற பேச்சோடு இது சேரும்போது தராசு மைசூர்ப் பக்கம் சாய்கிறது. நான் அந்தப் பக்கம்தான்.

பெரியம்மாவின் பேரன் இங்கே ஒரு கேள்வி கேட்டான். இதே மைசூர் லான்சர்கள்தானே முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 23 அன்று, ஜோத்பூர் லான்சர்களோடு சேர்ந்து இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவைப் பிடித்தார்கள், அந்தப் போருக்குப் புறப்படுகிற காட்சியாக இருக்குமோ என்று. கேள்வி நல்ல கேள்வி. படத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. போருக்குப் போகிற படை 1914-ல் காக்கியில் போயிருக்கும். இது முகாமுக்கு முகாம் போகிற சாதாரண நாள்.

புதுக் குறிப்பை எழுதும்போது கமிட்டியில் சத்தம் கொஞ்சம் ஏறியது. திப்பு என்றால் கூட்டம் வரும், லான்சர் என்றால் யார் வருவார் என்று ஒருவர். திப்பு பெயரை எடுத்துவிட்டால் வேறு அர்த்தம் கற்பிப்பார்கள் என்று இன்னொருவர். செயலாளர் ஒரு வழி சொன்னார், அதுவே நின்றது: ‘ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம் பயணம் போகும் லான்சர் குதிரைப்படை, மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். நீர்வண்ணம், 1890-களுக்குப் பிந்தியது. முன்னால் உள்ள உருவம் பிற்காலத்தில் இவ்வூர் நாடக ஓவியர் ஒருவரால் திப்பு சுல்தானாக மாற்றி வரையப்பட்டது.’ மாமனாரின் பெயரும் போடச் சொல்லலாமா என்று பெரியம்மாவைக் கேட்டோம். வேண்டாம் என்றார், சாமி படத்துக்கு மீசை வைத்த கதையை யாராவது கிளப்புவார்களாம்.

திப்புவை எடுத்துவிட்டு அடியில் இருக்கும் அதிகாரியை வெளியே கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். என்னால் முடியாது, செய்யவும் கூடாது என்பது என் எண்ணம். மேலே பூசியது படுதாவுக்குப் போடும் பவுடர் வண்ணம், அடியில் நீர்வண்ணம். இரண்டும் தண்ணீருக்குக் கரையும். மேலே உள்ளதைத் துடைக்கப் போனால் அடியில் உள்ளதும் கூடவே வந்துவிடும். உதிர்கிற இடத்தை மட்டும் தொடாமல் விட்டு, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி ஓரத்தில் அட்டை விளிம்பு கொடுத்து, பின்னால் புளித்துப்போயிருந்த பழைய அட்டையைக் கழற்றி அமிலமில்லாத அட்டை வைத்தேன். பென்சில் எழுத்துள்ள பழைய அட்டையைத் தனி உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னாலேயே கட்டியிருக்கிறேன். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். அதில் வெள்ளைக் குதிரைக்கு அடியில் நடக்கும் கால்கள் தெளிவாகத் தெரியும். மழைக்காலத்தில் வாயனசாலையின் மேற்குச் சுவர் ஓதம் காக்கும் என்பதால், படம் கிழக்குச் சுவருக்குப் போயிருக்கிறது.